டிராஃப்டில் மேலே ஏறுவதா, இருந்த இடத்தில் இருப்பதா?

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.லில் அணிகள் முறைவைத்துப் புதுமுக வீரர்களைத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அதில் 9, 12, 15 போன்ற இடங்களில் நிற்கும் அணிகளுக்கு ஆண்டுதோறும் ஒரே தலைவலி. அணி படுமோசமில்லை. ஆனால் சீசனை நம்பி ஒப்படைக்க ஒரு குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) இல்லை. நல்ல குவாட்டர்பேக்குகள் தங்கள் முறை வருவதற்குள் போய்விடுவார்கள். முந்தைய சீசனில் அதிகம் தோற்ற அணிக்குத்தான் முதல் தேர்வு என்பதால், ஐ.பி.எல். ஏலம் போலப் பணத்தைக் கொட்டி ஒருவரைத் தூக்கிவிட முடியாது. முன்னால் நிற்கும் அணியிடம் அதன் இடத்தையே வாங்க வேண்டும். அதற்கான விலையும் பெரும்பாலும் டிராஃப்ட் பிக்குகள், அதாவது தேர்வு வாய்ப்புகள்தான்: இந்த ஆண்டினது, அடுத்த ஆண்டினது, அதற்கும் அடுத்த ஆண்டினது.

மேலே ஏறுவதே தவறு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் விவாதம் எப்போதும் ‘எவ்வளவு கொடுத்தார்கள்’ என்பதிலேயே நின்றுவிடுகிறது. எதைக் கொடுத்தார்கள் என்பதுதான் பல டிரேடுகளின் (பரிமாற்றங்களின்) தலையெழுத்தைத் தீர்மானித்திருக்கிறது. கையில் கூடுதலாக இருந்த இந்த ஆண்டு பிக்குகளைக் கொடுத்து ஏறியவர்கள், விலை அதிகமானபோதும், எடுத்த வீரர் சோபிக்காதபோதும்கூட எழுந்து நின்றார்கள். பலவீனமான அணி தன் அடுத்த ஆண்டு முதல் சுற்று பிக்கைக் கொடுத்து ஏறியபோது சேதம் பல ஆண்டுகள் நீடித்தது.

முதலில் விலைக் கணக்கு. 1990களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த டாலஸ் கௌபாய்ஸ் அணி, ஒவ்வொரு பிக்குக்கும் ஒரு புள்ளி மதிப்பு வைத்து அட்டவணை போட்டது. முதல் பிக் 3000 புள்ளி, 2ஆவது 2600, 3ஆவது 2200, 5ஆவது 1700, 10ஆவது 1300, 16ஆவது 1000, முதல் சுற்றின் கடைசியான 32ஆவது 590, 50ஆவது 400, 100ஆவது வெறும் 100. பிறகு வேறு அட்டவணைகளும் வந்துவிட்டன. அணிகள் தங்களுக்கென்று தனிக் கணக்கும் வைத்திருக்கின்றன. ஆனாலும் பேரத்தைத் தொடங்க இந்தப் பழைய அட்டவணை இன்றும் ஒரு பொது அளவுகோல். வரும் ஆண்டின் பிக்கை ஒரு சுற்று குறைத்து மதிப்பிடுவது வழக்கம்: அடுத்த ஆண்டு முதல் சுற்று பிக், இந்த ஆண்டு இரண்டாம் சுற்று பிக்குக்குச் சமம்.

2017இல் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் குவாட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸுக்காக 27ஆவது இடத்திலிருந்து பஃபலோ பில்ஸின் 10ஆவது இடத்துக்கு ஏறியதை இதில் போட்டுப் பார்க்கலாம். 10ஆவது பிக் 1300 புள்ளி. சீஃப்ஸ் கொடுத்த 27ஆவது பிக் 680, 91ஆவது பிக் 136, ஆக 816. மீதி 484க்கு 2018 முதல் சுற்று பிக். இரண்டாம் சுற்றின் நடுப்பகுதி பிக் சுமார் 420 என்று வைத்தால் மொத்தம் 1236. அட்டவணைப்படி கிட்டத்தட்ட நியாய விலை. சீஃப்ஸ் தொடர்ந்து பிளே-ஆஃபுக்குப் போகும் அணி என்பதால், கொடுத்த 2018 பிக் 22ஆவதாகத்தான் விழுந்தது.

இந்த அட்டவணையை அப்படியே நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் சம்பளம். 2010இல் முதல் பிக்கான சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் 6 ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர். 2011இல் தொழிற்சங்க ஒப்பந்தம் மாறி, புதியவர்களின் சம்பளம் பிக் எண்ணை ஒட்டி நிர்ணயமானது. அந்த ஆண்டின் முதல் பிக் கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுகளுக்கு சுமார் 2.2 கோடி. இன்று ஒரு முன்னணிக் குவாட்டர்பேக்கின் புது ஒப்பந்தம் ஆண்டுக்கு 5.5 கோடி, 6 கோடி டாலர் என்று போகும்போது, முதல் பிக்காக வரும் குவாட்டர்பேக்குக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடிதான். மிச்சமாகும் பணத்தில் மூன்று, நான்கு நல்ல வீரர்களை எடுக்கலாம். குவாட்டர்பேக்குக்காக ஏறுவதில் நியாயம் இருக்கிறதென்றால் அது இங்கேதான். மற்ற எந்த நிலையிலும் இவ்வளவு பெரிய மிச்சம் கிடைப்பதில்லை.

எல்லாத் தெரிவுகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க 2018 டிராஃப்டைப் போல வேறொன்று இல்லை. முதல் சுற்றில் ஐந்து குவாட்டர்பேக்குகள். முதல் பிக்கில் பேக்கர் மேஃபீல்டை எடுத்த கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் மட்டும் தன் இடத்தில் இருந்தது. மற்ற நான்கு அணிகளும் ஏறின.

நியூயார்க் ஜெட்ஸ் டிராஃப்டுக்குச் சுமார் ஆறு வாரம் முன்பே 6ஆவது இடத்திலிருந்து 3ஆவது இடத்துக்குப் போனது. கொடுத்தது 6, 37, 49ஆவது பிக்குகளும் 2019 இரண்டாம் சுற்று பிக்கும். இந்த ஆண்டு பிக்குகள் மட்டுமே 1600, 530, 410 என்று 2540 புள்ளி. வாங்கியதோ 2200. 2019 பிக் பின்னர் 34ஆவதாக விழுந்தது. அதன் 560ஐயும் தள்ளுபடியில்லாமல் சேர்த்தால் 3100, அதாவது முதல் பிக்கின் விலையைவிட அதிகம். எடுத்த சாம் டார்னல்ட் மூன்று சீசன் மட்டுமே அங்கே ஆடினார். இடத்தை விற்ற இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் 6ஆவது பிக்கில் க்வென்டன் நெல்சனையும் 37இல் பிரேடன் ஸ்மித்தையும் எடுத்து, தாக்குதல் வரிசையில் இரண்டு இடங்களைப் பல ஆண்டுகளுக்கு நிரப்பிக்கொண்டது. இவ்வளவு தோல்வியிலும் ஜெட்ஸ் ஒன்றைக் காப்பாற்றிக்கொண்டது: தன் முதல் சுற்று பிக்குகள். அதனால்தான் 2018 சீசன் 4-12 (4 வெற்றி, 12 தோல்வி) என்று முடிந்தபோது, 2019இல் 3ஆவது பிக்கில் க்வின்னன் வில்லியம்ஸை எடுக்க முடிந்தது.

பில்ஸ் கதை இதற்கு நேர் மாறாகப் போனது. அவர்களுக்கு 21ஆவது பிக்தான் சொந்தம். 21ஐயும் கோர்டி கிளென் என்ற தடுப்பு வீரரையும் சின்சினாட்டிக்குக் கொடுத்து, சில மாற்றங்களோடு 12க்கு ஏறினார்கள். டிராஃப்ட் இரவில் 12, 53, 56ஐ டாம்பா பே பக்கனீர்ஸிடம் கொடுத்து 7ஆவது இடத்தையும் ஒரு கடைசிச் சுற்று பிக்கையும் வாங்கினார்கள். கொடுத்தது 1910 புள்ளி, வாங்கியது சுமார் 1500. அட்டவணையை மட்டும் பார்த்தால் இது ஜெட்ஸ் அளவுக்குத் தப்பான பேரம். ஆனால் 56ஆவது பிக், எறியப்படும் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவரான சாமி வாட்கின்ஸை ராம்ஸ் அணிக்கு அனுப்பியதில் கிடைத்தது. மஹோம்ஸ் டிரேடில் கிடைத்த 22ஆவது பிக்கையும் கையில் வைத்திருந்தார்கள். ஓராண்டுக்கு முன்பே சேமிக்கத் தொடங்கி, சேமிப்பிலிருந்து செலவழித்தார்கள். 2019 முதல் சுற்று பிக்கைத் தொடவில்லை. ஜாஷ் ஆலன் முதல் சீசனில் தடுமாறியபோது அணி நிலைகுலையாமல் இருந்ததற்கு இதுவே காரணம். அவர் 2024 சீசனின் மிகச் சிறந்த வீரர் விருது வரை போனார். விற்ற பக்கனீர்ஸுக்கும் நட்டமில்லை. 12ஆவது பிக்கில் எடுத்த வீட்டா வேயா சூப்பர் பவுல் (லீகின் இறுதிப் போட்டி) வென்ற அணியில் ஆடினார்.

அரிசோனா கார்டினல்ஸ் 15, 79, 152 கொடுத்து 10க்கு ஏறி ஜாஷ் ரோஸனை எடுத்தது. 1276க்கு 1300: அட்டவணையில் மிகச் சுத்தமான டிரேட் இதுதான். ஆனால் ஒரே சீசனில் ரோஸன் கைவிடப்பட்டார். அடுத்த ஆண்டு முதல் பிக்கில் கைலர் மர்ரேயை எடுத்து, ரோஸனை மயாமிக்கு ஓர் இரண்டாம் சுற்று, ஓர் ஐந்தாம் சுற்று பிக்குக்கு அனுப்பினார்கள். விலை சரியாக இருப்பது தப்பான வீரரைச் சரியாக்கிவிடாது. ஆனால் எதிர்காலப் பிக்கைக் கொடுக்காததால் ஓராண்டிலேயே தப்பை மாற்ற முடிந்தது.

நான்காவது பால்டிமோர் ரேவன்ஸ். முதல் சுற்றின் கடைசியில் ஃபிலடெல்ஃபியாவிடம் 52, 125, 2019 இரண்டாம் சுற்று பிக் ஆகியவற்றைக் கொடுத்து, 32ஐயும் 132ஐயும் வாங்கி லமார் ஜாக்சனை எடுத்தது. அடுத்த நாளே இரண்டாம் சுற்று இருக்க, ஏன் 32? முதல் சுற்றில் எடுத்தவருக்கு மட்டும்தான் ஐந்தாம் ஆண்டு உரிமை, அதாவது நான்கு ஆண்டு ஒப்பந்தத்தை அணி தானாகவே இன்னோர் ஆண்டு நீட்டும் உரிமை, உண்டு. மூன்றாவது சீசன் முடிந்த பின் மே மாதத் தொடக்கத்துக்குள் அணி முடிவு சொல்ல வேண்டும். சொன்னால் அந்த ஆண்டுச் சம்பளம் முழுக்க உத்தரவாதம். 2022இல் ஜாக்சன் அந்த உரிமைப்படி சுமார் 2.3 கோடி டாலருக்கு ஆடினார். வெளிச் சந்தையில் அவருடைய விலை அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் சுற்றின் கடைசி நான்கைந்து பிக்குகளுக்குக் குவாட்டர்பேக் தேடும் அணிகள் அட்டவணையை மீறிக் கொடுப்பது இந்த ஓராண்டுக்காகத்தான். மேலே ஏறும் வகைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. விலை குறைவு, பலன் பெரிது, ஆள் சரிப்படாவிட்டால் காயமும் சிறிது.

இனி எதிர்கால முதல் சுற்று பிக். இதன் ஆபத்தைச் ‘சராசரி மதிப்பு’ கணக்கு காட்டாது. புதுக் குவாட்டர்பேக் அடிபட்டாலோ திணறினாலோ அணி தோற்கும். அணி தோற்றால் கொடுத்த பிக் மேலே போகும். டிரேட் கெட்டுப்போகும் அதே சமயத்தில் அதன் விலையும் ஏறுகிறது. இரண்டு அடியும் ஒன்றாக விழும்.

2017இல் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் 25ஆவது பிக்கையும் 2018 முதல் சுற்று பிக்கையும் கொடுத்து 12க்கு ஏறி டெஷான் வாட்சனை எடுத்தது. அவர் அபாரமாக ஆடினார். நவம்பரில் பயிற்சியில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அணி 4-12. கொடுத்த பிக் 4ஆவதாக விழுந்து, கிளீவ்லண்ட் அதில் டென்சல் வார்டை எடுத்தது. வீரர் சரி, அவரைக் கணித்ததும் சரி. ஒரு காயம் விலையை இரட்டிப்பாக்கிவிட்டது.

வாஷிங்டன் 2012இல் ராபர்ட் கிரிஃபினுக்காக 6, 39, 2013 முதல் சுற்று, 2014 முதல் சுற்று ஆகியவற்றை ராம்ஸுக்குக் கொடுத்து 2ஆவது இடத்தை வாங்கியது. முதல் ஆண்டு 10-6, பிளே-ஆஃப், சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் விருது. பிளே-ஆஃபில் சியாட்டிலுக்கு எதிராக முழங்கால் போனது. அடுத்த சீசன் 3-13. ராம்ஸுக்குப் போன கடைசிப் பிக் 2ஆவதாக விழுந்தது.

கரோலினா பேந்தர்ஸ் 2023இல் செய்ததுதான் சமீபத்திய ஆண்டுகளின் மிகக் கடினமான பாடம். 9ஆவது இடத்திலிருந்து முதல் பிக்குக்கு ஏற 9, 61, 2024 முதல் சுற்று, 2025 இரண்டாம் சுற்று, கூடவே தங்கள் முதன்மை வைட் ரிசீவர் டி.ஜே. மூரையும் சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்தார்கள். புதுக் குவாட்டர்பேக்கை வாங்க அவருக்குப் பந்து பிடிக்க வேண்டியவரையே விற்றார்கள். அப்படி எடுத்த பிரைஸ் யங் அந்த சீசனில் 62 முறை சாக் செய்யப்பட்டார், அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்டார். 11 ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக் நீக்கப்பட்டார். அணி 2-15. கொடுத்த 2024 பிக் முதல் பிக்காகவே திரும்பி வந்தது, சிகாகோவுக்கு. அவர்கள் கேலப் வில்லியம்ஸை எடுத்தார்கள்.

எதிர்காலப் பிக் கொடுத்தும் பிழைத்தவர்கள் யார்? ஏற்கெனவே வலுவாக இருந்தவர்கள். சான் ஃபிரான்சிஸ்கோ 49ர்ஸ் 2021இல் 12, 2022 முதல் சுற்று, 2023 முதல் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று பிக் கொடுத்து 3ஆவது இடத்துக்கு ஏறி ட்ரே லான்ஸை எடுத்தது. அவர் அந்த அணிக்காகத் தொடக்க வீரராக 4 ஆட்டம் மட்டுமே ஆடினார். பின்னர் ஒரு நான்காம் சுற்று பிக்குக்கு டாலஸுக்குப் போனார். கணிப்பில் இதைவிடப் பெரிய பிசகு அரிது. ஆனால் கொடுத்த இரண்டு முதல் சுற்று பிக்குகளும் 29ஆவதாகவே விழுந்தன. தற்காப்பு வரிசை வலுவாக இருந்தது. 2022இன் கடைசிப் பிக்கான 262இல் எடுத்த பிராக் பர்டி அணியைச் சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். பர்டி கிடைத்தது அதிர்ஷ்டம்தான். அந்த அதிர்ஷ்டத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஓர் அணி இருந்தது.

குவாட்டர்பேக் அல்லாதவருக்காகப் பெரிதாக ஏறலாமா? பெரும்பாலும் வேண்டாம். 2014இல் பில்ஸ் 9, 2015 முதல் சுற்று, 2015 நான்காம் சுற்று கொடுத்து 4ஆவது இடத்தில் வைட் ரிசீவர் சாமி வாட்கின்ஸை எடுத்தது. அதே டிராஃப்டில் மைக் எவன்ஸ் 7ஆவது, ஓடெல் பெக்கம் 12ஆவது, பிராண்டின் குக்ஸ் 20ஆவது, டவான்டே ஆடம்ஸ் 53ஆவது. நால்வரும் அதே நிலையில் ஆடுபவர்கள். பெக்கம் தானாகவே 9க்குக் கீழே வந்தார். கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் டிராஃப்ட் முடிவுகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரை சொல்வதும் இதுதான்: ஒரு நிலையில் முன்னால் எடுக்கப்பட்டவர், அதே நிலையில் அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல். அடுத்த ஆண்டு பிக்கைக் கொடுத்து இந்த ஆண்டு பிக் வாங்குவது ஆண்டுக்கு 100 சதவீதத்துக்கும் மேலான வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம் என்றும் அவர்கள் காட்டினார்கள்.

விதிவிலக்குகள் உண்டு. 2011இல் அட்லாண்டா ஃபால்கன்ஸ் 27இலிருந்து 6க்கு ஏறி வைட் ரிசீவர் ஹூலியோ ஜோன்ஸை எடுக்க ஐந்து பிக் கொடுத்தது. முந்தைய சீசனில் 13-3 ஆன அணி. கொடுத்த 2012 பிக் 22ஆவதாகத்தான் விழுந்தது. 2023இல் டெக்ஸன்ஸ் 2ஆவது பிக்கில் குவாட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்த சில நிமிடங்களில், 12, 33, 2024 முதல் சுற்று, மூன்றாம் சுற்று பிக்குகளை அரிசோனாவுக்குக் கொடுத்து 3ஆவது பிக்கில் தற்காப்பு வீரர் வில் ஆண்டர்சனையும் எடுத்தது. துணிச்சல்தான். ஆனால் வாட்சனைக் கிளீவ்லண்டுக்கு விற்ற டிரேடில் கிடைத்த அந்த அணியின் 2024 முதல் சுற்று பிக் அவர்கள் கையில் பத்திரமாக இருந்தது. தங்களுடையது போனாலும் அடுத்த ஆண்டு வெறுங்கையாக நிற்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு தாக்குதல், தற்காப்பு இரண்டின் சிறந்த புதுமுக விருதும் இவர்கள் இருவருக்கே.

ஓரிரு இடம் மட்டும் ஏறும் சின்ன ஏற்றங்கள் வேறு கணக்கு. 2010இல் நியூ இங்கிலண்ட் பேட்ரியாட்ஸ் 44இலிருந்து 42க்கு வர ஓர் ஆறாம் சுற்று பிக் கொடுத்து ராப் கிரான்கோவ்ஸ்கியை எடுத்தது. 480க்கும் 460க்கும் 20 புள்ளிதான் இடைவெளி. ஏறக்குறைய ஒரே தரமுள்ள வீரர்களின் அடுக்கில் கடைசி ஒருவர்தான் மிச்சம், இடையில் நிற்கும் அணிக்கும் அதே நிலை தேவை என்றால் இப்படி ஏறத் தயங்கவே கூடாது.

கீழே இறங்கினால் எப்போதும் லாபம் என்று நினைப்பதும் சரியல்ல. கிரிஃபின் டிரேடில் ராம்ஸுக்குக் கிடைத்தவை மலை போலப் பிக்குகள். ஆனால் 2012 முதல் 2016 வரை ஒரு சீசனில்கூட அவர்கள் தோல்விகளைவிட அதிக வெற்றி பெறவில்லை. நல்ல குவாட்டர்பேக் இல்லாமல் பிக்குகள் மட்டும் ஓர் அணியைத் தூக்காது. அதே ராம்ஸ் 2016இல் 15இலிருந்து முதல் பிக்குக்கு ஏறி ஜேரட் காஃபை எடுத்தது. 2021இல் காஃபையும் இரண்டு முதல் சுற்று பிக்குகளையும் ஒரு மூன்றாம் சுற்று பிக்கையும் டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து மாத்யூ ஸ்டாஃபோர்டை வாங்கி, அந்த சீசனிலேயே சூப்பர் பவுலை வென்றது. வெல்லத் தயாராக இருக்கும் அணி புதுமுகத்துக்காக ஏறுவதற்கு முன் இந்த வழியின் விலையையும் கேட்டுப் பார்க்க வேண்டும். சம்பளம் கூடும், ஆனால் ஆட்டம் தெரிந்த ஆள்.

ஏறுவதென்றே முடிவு செய்தால் செய்ய வேண்டியவை சில. டிராஃப்டுக்கு முந்தைய வாரத்தில் வீரர்களை வரிசை எண்ணில் அடுக்காமல் அடுக்கு அடுக்காகப் பிரிக்க வேண்டும். நம் முறை வரும்போது அதே அடுக்கில் இருவராவது மிஞ்சுவார்கள் என்றால் ஏறத் தேவையில்லை. உச்ச விலையை அன்றே எழுதி வைக்க வேண்டும். முதல் சுற்றில் ஒரு தேர்வுக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் யாரும் நிதானமாகக் கணக்குப் போடுவதில்லை. முன்னால் உள்ள நான்கைந்து அணிகளோடு, ‘எங்கள் ஆள் இருந்தால் மட்டும்’ என்ற நிபந்தனையோடு விலையை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். மார்ச் மாதத்திலேயே டிரேடை முடித்தால் இடம் உறுதி, ஆனால் யார் கிடைப்பார் என்பது உறுதியில்லை. பிடித்த வீரர் ஒருவர்தான் என்றால் முதல் பிக்கைத் தவிர வேறு எதையும் முன்கூட்டியே வாங்குவது சூதாட்டம். முழங்கால், தோள் மருத்துவ அறிக்கைகளை அணியின் சொந்த மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். ஓர் எதிர்கால முதல் சுற்று பிக்குக்கு மேல் கொடுக்கக் கூடாது. முந்தைய சீசனில் பாதி ஆட்டத்தைக்கூட வெல்லாத அணி என்றால் அந்த ஒன்றும் கூடாது, வேறோர் அணியின் முதல் சுற்று பிக் கைவசம் இருந்தால் தவிர.

போட்டி எங்கிருந்து வருகிறது என்பதையும் விசாரிக்க வேண்டும். 2017இல் சிகாகோ பேர்ஸ் ஒரே ஓர் இடம், 3இலிருந்து 2க்கு ஏற 67, 111, 2018 மூன்றாம் சுற்று பிக்குகளைக் கொடுத்து குவாட்டர்பேக் மிட்ச் ட்ரூபிஸ்கியை எடுத்தது. இடத்தை விற்ற 49ர்ஸ் அடுத்த பிக்கில் எடுத்தது ஒரு தற்காப்பு வீரரை. மஹோம்ஸ் 10 வரை இருந்தார்.

எழுதி வைத்த விலையைத் தாண்டினால் போனை வைத்துவிட வேண்டும். 2016இல் டாலஸ் கௌபாய்ஸ் முதல் சுற்றின் கடைசிப் பகுதியில் குவாட்டர்பேக் பாக்ஸ்டன் லிஞ்சுக்காக ஏறப் பேசியது. டென்வர் பிராங்கோஸ் முந்திக்கொண்டு 31, 94 கொடுத்து 26இல் அவரை எடுத்தது. விட்டுவிட்டோமே என்று உரிமையாளர் ஜெரி ஜோன்ஸ் பிறகு வெளிப்படையாகவே வருந்தினார். டாலஸ் நான்காம் சுற்றில் 135ஆவது பிக்கில் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டை எடுத்தது. லிஞ்ச் டென்வரில் தொடக்க வீரராக ஆடியது 4 ஆட்டம்.